மொட்டைப் பேச்சு

தமிழில் ஒரு வசதி உண்டு. ஒருவரைக் கூப்பிடாமலேயே அவரோடு ஒரே வீட்டில் ஆயுசு முழுக்கக் குடித்தனம் நடத்திவிடலாம். ‘டீ வெச்சிருக்கு.’ ‘மாத்திரை போட்டாச்சா?’ ‘கதவு தொறந்து கெடக்கு.’ ‘நாளைக்குத் தண்ணி வராதாம்.’ யாருக்கு வைத்திருக்கிறது, யார் போட வேண்டும், யார் திறந்து போட்டது, ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நீ வேண்டாம், நீங்க வேண்டாம், உறவுமுறை வேண்டவே வேண்டாம். இதற்கு மொட்டையாகப் பேசுவது என்று பெயர். புருஷன் பெண்டாட்டி சண்டையில் இரண்டு நாள் இப்படி ஓடும், மூன்றாம் நாள் யாராவது ஒருவர் சிரித்துத் தொலைத்துவிடுவார். பல்லக்கா தன்னைப் பெற்ற அப்பாவிடம் பத்து வருஷமாக இப்படிப் பேசிக்கொண்டிருந்தாள்.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. செயற்கைப் பல் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடித்துப் பார்த்து, மெருகேற்றி அனுப்ப வேண்டும். மூன்று தரம் கடி பார்க்காமல் ஒரு செட்டையும் வெளியே விடமாட்டாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாளானால் சாயங்காலம்வரை தலை நிமிராது. அந்தக் காதில் வருஷக்கணக்காக ஓடியது ஒரு விண்வெளித் தொடர். ஒன்பது பாகம். அதைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியமான பதினெட்டுப் பேர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். வாடகைக் கார் ஓட்டும் ‘டாக்ஸி’, பள்ளிக்கூடத்து ‘டீச்சர்’, விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் ‘சவுண்டு’ என்று அங்கே எல்லாருக்கும் தொழில்தான் பெயர். பல்லு அக்கா நாளடைவில் பல்லக்கா ஆனாள். ‘ஏறி உட்கார்ந்தா தூக்கிட்டுப் போவோம்’ என்று டாக்ஸி கிண்டலடிப்பான்.

குழுவே உண்டானது ஒரு கோபத்தில். தொடரின் வில்லன் சாம்பல் தளபதி. உப்பு நிலா என்று ஒரு குடியேற்றத்தையே எரிக்கச் சொன்னவன். ஒன்பதாம் பாகத்தின் முடிவில் அவன் செத்தான். வில்லன் என்றால் சாக வேண்டியதுதான், அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அவனுடைய மகள், ஒன்பது பாகமாக எல்லாரும் தங்கள் வீட்டுப் பெண்ணைப்போலப் பார்த்து வளர்த்தவள், புது அரசாங்கத்தின் பதிவு மேசைக்குப் போய், குலப்பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, வெறும் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தாள். அவ்வளவுதான், தொடர் முடிந்தது.

“அவங்களுக்குக் குலப்பேரு, நமக்கு இனிஷியல். பெத்தவன் இனிஷியலத் தூக்கிப் போட்டுட்டு மொட்டையா ஒரு பேரா? இதுக்கா ஒம்பது பாகம் பார்த்தோம்?” என்று டாக்ஸி கொதித்தான். பதினெட்டுப் பேரும் கொதித்தார்கள். முடிவை மாற்றி நாமே எழுதுவோம் என்று தீர்மானமானது. ஆளுக்கொரு முடிவு எழுதிப் பார்த்ததில் எல்லாரையும் உட்கார வைத்தது பல்லக்காவின் முடிவு. அதில் தளபதி சாகவில்லை. சிறை நிலாவில் கிழவனாகிக் கிடக்கிறான். மகள் அவனைத் தேடிப் போய், கம்பிக் கதவுக்கு வெளியே நின்று ‘அப்பா’ என்று கூப்பிடுகிறாள். படித்துவிட்டு டீச்சர் வகுப்பிலேயே அழுதாளாம்.

இப்போது கேளுங்கள் கொடுமையை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, தன் பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் எழுத்தை அடித்துவிட்டு வந்தவள் இதே பல்லக்காதான். வேலை அட்டையில் மொட்டைப் பெயர். பாங்கில் மொட்டைப் பெயர். இனிஷியல் என்ன என்று யாராவது கேட்டால், ‘அதெல்லாம் இல்ல’ என்பாள். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

அவள் அப்பா லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். கட்டடம் கட்டடமாகப் போய்க் கம்பியையும் பிரேக்கையும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தாளில் கையெழுத்துப் போடுவது வேலை. போகாமலேயே போட்டார். ஒரு நாள் இல்லை, கொஞ்ச காலமாகவே அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடி கட்டோடு தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்தத் தாள்களில் ஒன்றுக்குரிய லிஃப்ட் ஏழாவது மாடியிலிருந்து விழுந்தது. உள்ளே ஒரு அம்மாவும் அவளுடைய ஆறு வயது மகளும் இருந்தார்கள். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

தீர்ப்பு வந்த அன்று பல்லக்காவுக்கு வயது இருபத்திரண்டு. அன்றைக்கு நின்றது அப்பா என்ற சொல். நாலு வருஷம் உள்ளே இருந்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார். அம்மா இருந்தவரைக்கும் நடுவில் நின்று, ‘அவரு சாப்பிடச் சொல்றாரு’ என்று இவளுக்கும், ‘அவ கேக்குறா’ என்று அவருக்கும் செய்தி கடத்திக்கொண்டிருந்தாள். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது நாலாவது மாடி வீட்டில் இரண்டே பேர். கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அவர் மூட்டு வலியோடு படியில்தான் ஏறுவார், படியில்தான் இறங்குவார். அதைப் பற்றி அவளும் ஒன்றும் கேட்டதில்லை.

குழுவில் சிக்கிக்கொண்டது எப்படியென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். சவுண்டு சும்மா இருக்காமல், “பல்லக்கா, இப்படி எழுதணும்னா அப்பா மேல உசுரா இருக்கணும். அப்பாகிட்ட ஒரு நிமிஷம் போனக் குடுங்க, எல்லாரும் ஒரு வணக்கம் சொல்லிக்கிறோம்” என்றான். அவள் பதறிப்போனாள். நல்லவேளை, அப்பா குப்பை போடக் கீழே போயிருந்தார்.

“அப்பா இல்லீங்க” என்றாள்.

வீட்டில் இல்லை என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் நம் மொழியில் அப்பா இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.  டீச்சர் மெல்ல, “எப்பம்மா?” என்றாள்.

“ரொம்ப வருஷம் ஆச்சு.”

முதல் வாக்கியத்துக்கு அவளை மன்னித்துவிடலாம், அது வாய் தவறியது. இரண்டாவது வாக்கியம் வாய் தவறியதா? அதைச் சொல்லும்போதே படியில் அவர் செருப்புச் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. அவள் கையால் போனின் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. அப்பா இருமினால் டிவி என்பாள். அப்பா பாத்திரத்தைக் கீழே போட்டால் பூனை என்பாள். அந்த வீட்டில் பூனை ஏது?

எழுதிய முடிவைக் குரலில் எடுத்துக் கேட்டால் எப்படி இருக்கும் என்று சவுண்டு ஆசைப்பட்டான். மகள் பாத்திரத்துக்குப் பல்லக்காவேதான் பேச வேண்டும் என்று எல்லாரும் அடம் பிடித்தார்கள். “அலமாரியத் திறந்து துணிக்குள்ள தலைய விட்டுப் பேசுங்க, எதிரொலி வராது. மூணு தடவ அப்பான்னு வருது. மொதத் தடவ உங்களுக்கே கேக்கக் கூடாது. ரெண்டாவது கத்தணும். மூணாவது ஒடையணும்” என்று பாடம் எடுத்தான்.

வார விடுமுறையில் மத்தியானம் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டாள். அப்பா சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்தச் சொல் வராது என்றுதான் பயம். ஆச்சரியம், வந்தது. துணி வாசனைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கம்பிக் கதவை நினைத்துக்கொண்டதும் முதல் ‘அப்பா’ மெதுவாக வந்தது. இரண்டாவதை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

சமையலறையில் நாற்காலி தடாலென்று விழுந்தது. தடதடவென்று ஓடி வருகிற சத்தம். கதவு திறந்தது.

“என்னம்மா? என்னாச்சும்மா?”

அவள் தலையை வெளியே இழுத்தாள். முடியெல்லாம் கலைந்து ஒரு துப்பட்டா தோளில் தொங்கியது. அவர் வாசலில் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். இன்னொரு கையில் பாதி உரித்த பீன்ஸ். மூட்டுவலிக்காரர், அந்த ஓட்டம் எப்படி ஓடினாரோ. அவர் முகத்தில் பயம் இருந்தது, சரி. பயத்துக்குப் பின்னால் இருந்ததைத்தான் அவளால் பார்த்துத் தாங்க முடியவில்லை. சந்தோஷம் அது.

பதிவை நிறுத்திவிட்டு, “இல்ல. இது கதைக்கு. ரெக்கார்டிங்” என்றாள்.

“ஓ. கதைக்கா. சரி சரி. நான் என்னமோ...” என்று பாதியில் விட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு திரும்பிப் போனார். நாற்காலியைத் தூக்கி நிறுத்தும் சத்தம் கேட்டது.

அவள் அலமாரியின் அடித்தட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் கூசியது. இல்லாத ஒரு நிலாவில் இல்லாத ஒரு கிழவனுக்குக் கொடுத்ததை, பக்கத்து அறையில் இருக்கிற மனுஷன் தவறிப்போய் வாங்கிக்கொள்ள ஓடி வந்துவிட்டான், அவள் பிடுங்கிக்கொண்டாள். இதற்கு வேறு என்ன பேர் வைப்பது? பத்து நிமிஷம் கழித்து எழுந்து, முகத்தைக் கழுவி, இன்னும் நாலு முறை பேசிப் பதிவு செய்தாள். கேட்கப் பிடிக்கவில்லை. மூன்று தரம் கடி பார்க்காமல் ஒரு பல் செட்டை அனுப்பாதவள், அன்றைக்கு ஒன்றையும் கேட்காமல் ஐந்து பதிவையும் சேர்த்து சவுண்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. “பல்லக்கா, யாரு அந்த ஆர்ட்டிஸ்ட்? மொதப் பதிவுல நாற்காலி விழுது, ஓடி வர்றாரு, ‘என்னம்மா என்னாச்சும்மா’ங்குறாரு. எங்க ஸ்டுடியோல நாள் பூரா எடுத்தாலும் இப்படி வராது. கதைய மாத்திட்டேன். தளபதி உக்காந்துட்டு இல்ல, கம்பிக்கு ஓடி வர்றான். யாரு சொல்லுங்க.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் இரண்டாவது முறையும் கெட்டாள்.

“பெரியப்பா. அப்பாவோட அண்ணன். வந்து தங்கியிருக்காரு.”

“விடாதீங்க அவர. தளபதி வசனம் முழுக்க அவர்தான்.”

அப்பாவிடம் எப்படிக் கேட்பது? அதுவும் மொட்டையாகத்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “அந்தக் கதைக்கு ஒரு வயசான குரல் வேணுமாம். பேச முடியுமான்னு கேக்குறாங்க” என்றாள்.

“என் குரலா? எந்த வேஷம்?”

“வில்லன்.”

அவர் சிரித்தார். “தேடிப் புடிச்சிருக்காங்க, பொருத்தமான ஆளத்தான்” என்றார். ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது. நாலு நாள் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, குளியலறையில் சொல்லிப் பார்த்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு வேறொன்று உறைத்தது. மூன்றாம் பக்கத்தில் தளபதி பேசுகிற இடம் ஒன்று இருக்கிறது. மூலத் தொடரில் அது கிடையாது, அவளாகச் சேர்த்தது. குழுவே அந்த இடத்துக்குத்தான் கொண்டாடியது.

பதிவு நாளன்று இரண்டு பேரும் அலமாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் பக்கம் வந்தது. அவர் வாசித்தார்:

“நான் நெருப்பு வைக்கவில்லை மகளே. நெருப்பு வைத்தவர்கள் போய்ப் பார்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். போய்ப் பார்க்கவில்லை. தாள்கள் கட்டாக வந்தன. அதில் அந்த நிலவும் ஒன்று.”

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். குளியலறையில் நாலு நாளும் இதைத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறார், அப்போதே தெரிந்திருக்கும். அவர் சிறையிலிருந்து வந்த புதிதில் அம்மாவிடம் சொல்லி அழுததை, சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டவள் எடுத்து, நட்சத்திரம் ஒட்டி, பதினேழு பேரிடம் கைதட்டு வாங்கிவிட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? பல்லக்கா போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சரியா வந்துச்சாம்மா?” என்றார்.

“ம்.”

“இதுக்கப்புறம் அந்தப் பொண்ணு அவன்கிட்ட பேசுமா? அடுத்த தாள நீ குடுக்கல.”

“பேசும்.”

“அப்பான்னு கூப்பிட்டே பேசுமா?”

“ம்.”

“அப்படியா” என்று தலையாட்டினார். “நல்ல கதைதான்.”

குத்திக்காட்டிப் பேசியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் குத்தவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார், பதில் கிடைத்ததும் எழுந்து போய் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். அன்று முழுக்க வீட்டில் அந்தத் தைல வாசனை அடித்தது.

எல்லாம் சேர்த்துத் தொகுத்து முடிந்ததும், ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் குழு முழுக்க வீடியோ அழைப்பில் சேர்ந்து கேட்பது என்று ஏற்பாடானது. பெரியப்பா கட்டாயம் வர வேண்டும் என்று சவுண்டு பத்து முறை சொல்லிவிட்டான். பல்லக்கா வாரம் முழுக்கத் தள்ளிப்போட்டு, பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கையில் சொன்னாள். “அங்க பெரியப்பான்னு கூப்பிடுவாங்க. அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கு.”

பொத்தானில் இருந்த விரல் ஒரு கணம் நின்றது. “என் அண்ணன் மாதிரியா? சரி. கேஸ் விஷயம் தெரிஞ்சா உனக்கும் சங்கடம்தானே. நான் பாத்துக்குறேன்” என்று அடுத்த பொத்தானைப் போட்டார். தலையைப் படிய வாரியிருந்தார். பாவி, மிச்சத்தை அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நேரமாகிவிட்டது என்று போனை நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

நாற்பது நிமிஷம் ஓடியது. சின்னத் திரையில் பதினேழு முகங்கள். அவள் கத்தியதும் நாற்காலி விழுந்து அவர் ஓடி வருகிற இடத்தில் டாக்ஸி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கையெழுத்து வசனத்தில் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். அப்பா முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்கிறவரைப்போல உட்கார்ந்திருந்தார். கடைசியில் மகள் பதிவேட்டில் அப்பன் பெயரையும் சேர்த்து எழுதுகிறாள், பேனா கீறும் சத்தம், இசை, முடிந்தது. பல்லக்கா மூச்சு விடப் போனாள். இசை அடங்கியதும் சவுண்டின் குரல் வந்தது. அவளுக்குத் தெரியாமல் கடைசியில் சேர்த்திருந்தான்.

“இந்த முடிவு, பல்லக்காவின் மறைந்த தந்தையின் நினைவுக்குச் சமர்ப்பணம்.”

பதினேழு பேரும் கைதட்டினார்கள்.  பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அவர் மடியில் இருந்த கைகளை மட்டும் பார்த்தாள். அவை அப்படியே இருந்தன.

“சர்ப்ரைஸ் பண்ணணும்னு சொல்லல பல்லக்கா” என்றான் சவுண்டு.  “பெரியப்பா, நீங்க கூடப் பொறந்தவரு. உங்க தம்பியப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னா எங்களுக்கு ஆறுதலா இருக்கும். அவர் எப்படிப்பட்ட மனுஷன்?”

இப்போது அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்க்க வேண்டியதாகிவிட்டது. கோபம் இருக்கும் என்று நினைத்தாள், இல்லை. கணக்குப் புரியாத பையனைப்போல முகம் சற்று நேரம் விழித்தது. பிறகு புரிந்துவிட்டது. அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என் தம்பியா” என்றார்.  “லிஃப்ட்டுப் பாக்குற வேல அவனுக்கு. சோம்பேறி. நல்லவன்னு நான் சொல்ல மாட்டேங்க, சொன்னா தப்பு. அவனால ரெண்டு உசுரு போச்சு. ஒரு அம்மா, ஒரு கொழந்த. அந்தக் கொழந்தைக்கு ஆறு வயசு. இந்தக் கதையில அந்த நிலாவுல செத்தவங்க வீட்டு ஆளுங்க யாரும் வரல. அத நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குத் தோணுச்சு, சொன்னேன்.” சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “பொண்ணு மேல மட்டும் அவனுக்கு உசுரு. அவன் போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு.”

 டீச்சர்தான் மெல்ல, “எங்களுக்குத் தெரியாதுங்க. மன்னிச்சிருங்க” என்றாள்.

“சங்கடப்படாதீங்கம்மா. இவ்வளவு பேர் நெனைக்குறாங்கன்னா அவனுக்கு அது ரொம்ப அதிகம்.”

பதினாலு. வருஷக் கணக்குத் தவறாமல் சொன்னார். அந்தத் தீர்ப்பு நாளில் அவர் கண்முன்னால் நீதிமன்ற வராந்தாவில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, அன்றைக்கே போனதாகக் கணக்கு வைத்திருக்கிறார். பல்லக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேச வேண்டிய நேரம் அது. ‘இவர் பெரியப்பா இல்லை’ என்று மூன்று சொல். போன் முழ தூரத்தில் இருக்கிறது, பதினேழு பேரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். வாயைத் திறந்தாள். “நெட்டு சரியில்ல, அப்புறம் வரேன்” என்று சொல்லி அழைப்பை வெட்டினாள்.

அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க, அது கீங்கீங்கென்று கத்திக்கொண்டே போனது. அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். நாற்காலியைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போகப் போனவர், நின்றார்.

“பெரியப்பா சரியாப் பேசினாராம்மா?”

 அவள் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் கை வரவில்லை.

“அழாத. நீ சொன்னதுல என்ன தப்பு, அவங்க கேட்டாங்க, நீ என்ன சொல்லுவ” என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, கடையில் ஒரு பொருளைக் காட்டி இது கிடைக்குமா என்று கேட்பவரைப்போல, “இனிமே வேணும்னா பெரியப்பான்னே கூப்பிட்டுக்கயேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். மொட்டையாக் கேட்டுக் கேட்டு என்னமோ போல இருக்கு. அதுக்குள்ளயும் ஒரு அப்பா இருக்குல்ல” என்றார்.

சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல், நாற்காலியோடு போய்விட்டார். கிண்டலாகச் சொன்னாரா என்று அவள் தேடிப் பார்த்தாள். இல்லை. வாய்விட்டுக் கேட்டே விட்டார், பத்து வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

அவள் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பீங்கான் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். அலமாரிக்குள் ஐந்து முறை, மெதுவாக ஒன்று, கத்தி ஒன்று, உடைந்து ஒன்று என்று சொன்ன சொல். உதடு ஒட்டிப் பிரிந்தால் போதும். அடுப்பில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள், தண்ணீர் வைத்தாள், கரண்டி வைத்தாள். வைக்க இனி ஒன்றும் பாக்கியில்லை.

“சாப்பிட வாங்க” என்றாள்.

பத்து வருஷத்தில் முதல் முறையாக அவள் வாக்கியத்துக்குள் அவர் இருந்தார். தட்டு வைத்திருக்கிறது இல்லை, ஆறிப்போகிறது இல்லை, வாங்க. குழாய்த் தண்ணீர் நின்றது. ஆனால் சின்ன வயதில் அவள் அவரை ஒரு நாளும் வாங்க போங்க என்று சொன்னவளில்லை. அவருக்கு எப்போதும் வாப்பா, போப்பாதான். வாங்க என்பது பெரியப்பாவுக்குச் சொல்வது. அது அவளுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது, அவருக்குக் கேட்டவுடனே தெரிந்திருக்கும்.

“இதோ வரேம்மா” என்று ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.